அத்தியாயம் 6: டிரெய்லர் பிரேக் மந்தமாக இருந்தால்

பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கத்தான் செய்கிறது. ஆனால் நிற்பதற்குச் சற்று முன், பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல ஒரு தள்ளு. பெட்டி காலியாக இருந்தால் அது தெரியாது. 20 அடிப் பெட்டியில் 25 டன் ஏற்றிக்கொண்டு ஏஒய்இ விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் போகும்போது, முன்னால் போகும் கார் திடீரென்று நின்றால் நன்றாகவே தெரியும். பிரைம் மூவர் பிடிக்கிறது, டிரெய்லர் பிடிக்கவில்லை, அல்லது தாமதமாகப் பிடிக்கிறது. அந்தத் தள்ளுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

2025 செப்டம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வருபவர்களும் சிங்கப்பூரில் கனரக வாகனம் ஓட்டும் வேலைக்குச் சேரலாம் என்று ஆனபிறகு, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து அனுபவத்தோடு வருகிறவர்களுக்கும் இந்த அத்தியாயம் பயன்படும். அவர்களுக்கு ஏர் பிரேக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தொப்பூர் கணவாயில் சுமையோடு இறங்கியவருக்கு டிரம் சூடானால் என்ன ஆகும் என்று தெரியும். இங்கே மாறுவது வேலை நடக்கும் விதம். ஊரில் ஒரே வண்டியை வருடக்கணக்கில் ஓட்டுவீர்கள். எந்தச் சக்கரம் எப்போது லைனர் மாற்றியது என்பது கிளீனருக்குக்கூட மனப்பாடம். இங்கே காலையில் பாசிர் பாஞ்சாங்கில் ஒரு டிரெய்லரை மாட்டி, ஜூரோங்கில் இறக்கிவிட்டு, அங்கே கிடக்கும் இன்னொன்றை மாட்டிக்கொண்டு துவாஸ் போவீர்கள். பிரைம் மூவர்தான் உங்கள் கையில் இருப்பது. டிரெய்லர் நேற்று யார் ஓட்டியது, எத்தனை நாள் கனரக வாகன நிறுத்துமிடத்தில் மழையில் கிடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. சிங்கப்பூர் சமதளம். 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கிறது. அரைகுறை பிரேக்கோடு வாரக்கணக்கில் ஓட்டிவிடலாம், தெரியவே தெரியாது. எம்சிஇ, கேபிஇ சுரங்கப்பாதைகளுக்குள் இறங்கும் சரிவிலோ, கனமழையில் சிக்னலுக்கு முன்னாலோதான் முதல்முறையாகத் தெரியவரும்.

கேபினில் இருக்கும் மீட்டர் எதைச் சொல்கிறது

டாஷ்போர்டில் ஏர் 8 கிலோ காட்டுகிறது, அப்புறம் என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முள் காட்டுவது பிரைம் மூவர் டேங்கில் இருக்கும் காற்றை. ஜப்பான் வண்டியில் 0.8 மெகாபாஸ்கல் என்றும், ஐரோப்பிய வண்டியில் 8 பார் என்றும் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய அதே 8 கிலோதான். ஆனால் டேங்கில் இருக்கும் காற்று ஹோஸ், கப்ளிங், ரிலே வால்வு, சேம்பர், புஷ் ராட், ஸ்லாக் அட்ஜஸ்டர், கேம், ஷூ என்று இத்தனையையும் தாண்டித்தான் டிரம்மைத் தொட வேண்டும். நடுவில் எங்கே தடைபட்டாலும் கேபினில் முள் ஆடாமல் நிற்கும். எனவே பிரேக்கைச் சந்தேகிக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது சீட்டிலிருந்து இறங்குவது. கேபினில் அளப்பதெல்லாம் அனுப்பிய கணக்கு. சக்கரத்தில் அளப்பதுதான் போய்ச்சேர்ந்த கணக்கு.

இறங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை உண்டு. பல ஜப்பான் பிரைம் மூவர்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் டிரெய்லர் பிரேக் லிவர் தனியாக இருக்கும். யார்டுக்குள் காலியிடத்தில், நடந்து போகிற வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நகர்ந்து, காலால் மிதிக்காமல் அந்த லிவரை மட்டும் இழுங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து நிறுத்த வேண்டும். சும்மா உருண்டுகொண்டே வந்தால் குறை டிரெய்லரில்தான். பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு முன்னால் இழுத்துப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. அது நல்ல பழக்கம்தான். கப்ளிங் கொக்கி சரியாக மாட்டியதா என்று தெரியும். ஆனால் அது சோதிப்பது ஸ்பிரிங் பிரேக்கை. ஓடும்போது நீங்கள் நம்பியிருப்பது காற்றால் இயங்கும் சர்வீஸ் பிரேக்கை. ஒன்று வேலை செய்வதால் மற்றதும் செய்யும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹோஸ்

சிவப்பு ஹோஸ் டிரெய்லர் டேங்குக்குக் காற்று அனுப்புகிறது. மஞ்சள் ஹோஸ் (சில டிரெய்லர்களில் நீலம்) நீங்கள் மிதிக்கும் கட்டளையைக் கொண்டுபோகிறது. சிவப்பை மாட்ட மறந்தால் டிரெய்லர் நகராது. யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். மஞ்சளை மறந்தால்தான் ஆபத்து. சிவப்பிலிருந்து வரும் காற்று ஸ்பிரிங் பிரேக்கை விடுவித்துவிடும், டிரெய்லர் சமர்த்தாகப் பின்னால் வரும், மிதித்தால் மட்டும் பிடிக்காது. திறந்த வாய்க் கப்ளிங்காக இருந்தால் மிதிக்கும்போது புஸ்ஸென்று சத்தமாவது வரும். தானாக மூடிக்கொள்ளும் ஐரோப்பியக் கப்ளிங்கில் அதுவும் வராது.

மாட்டியிருந்தாலும் பாருங்கள். கப்ளிங் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா? ஹோஸ் வரும் வழியில் மூடும் குழாய் இருந்தால் திறந்திருக்கிறதா? பிரைம் மூவர் திரும்பும்போது ஹோஸ் ஐந்தாம் சக்கரத்தில் உரசி நசுங்குகிறதா? நசுங்கிய ஹோஸில் காற்று போகும், ஆனால் மெதுவாகப் போகும். "தாமதமாகப் பிடிக்கிறது" என்கிற புகார்களில் பல இங்கே வந்து நிற்கும்.

அடுத்து கசிவு. டயருக்கு முட்டுக்கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, 1 நிமிடம் முள்ளைப் பாருங்கள். ஒரு டிரெய்லர் மாட்டிய வண்டியில் நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 0.2 கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது. மிதித்தபடியே வைத்திருந்தால், முதல் இறக்கத்துக்குப் பிறகு 4 பிஎஸ்ஐ. இது அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் உரிமத் தேர்வில் கேட்கும் அளவு. இங்கேயும் மனதில் வைத்துக்கொள்ள உதவும். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும், குமிழ் காட்டிக்கொடுக்கும்.

ஆறிக்கிடக்கும் சக்கரம்

எந்தச் சக்கரம் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கருவி வேண்டும்: தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் துப்பாக்கி வடிவ தெர்மாமீட்டர். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறவருக்கு அது நடந்து போகிற தூரம்தான். இந்த அத்தியாயத்தில் காசு கொடுத்து வாங்கச் சொல்வது இது ஒன்றைத்தான்.

வழக்கமான ஒரு டிரிப் முடித்து, சில சிக்னல்களில் நின்று வந்தபிறகு, யார்டுக்குள் நுழைந்த உடனே இறங்கி ஒவ்வொரு டிரம்மையும் ஒரே இடத்தில் குறிவைத்து அளந்து எழுதுங்கள். பெரும்பாலோர் எந்தச் சக்கரம் கொதிக்கிறது என்று மட்டும் தேடுவார்கள். கொதிக்கும் சக்கரம் ஒட்டிக்கொண்டு உரசுவதாக இருக்கலாம். அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மந்தமான பிரேக்கைத் தேடுகிறவருக்கு வேண்டியது ஆறிக்கிடக்கும் சக்கரம். மற்றவை 100 டிகிரி காட்டும்போது ஒன்று மட்டும் வெயிலில் கிடந்த இரும்பின் சூட்டில் இருந்தால், அந்தச் சக்கரம் இன்று ஒரு வேலையும் செய்யவில்லை. அதன் பங்கை மற்றவை சுமந்திருக்கின்றன. ஒரே அச்சில் இடமும் வலமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒருபக்கம் மட்டும் ஆறியிருந்தால் மிதிக்கும்போது டிரெய்லர் ஒருபக்கம் இழுக்கும். டிரெய்லரின் எல்லாச் சக்கரங்களும் ஆறிக்கிடந்து பிரைம் மூவர் மட்டும் கொதித்தால், தனிச் சக்கரத்தை விட்டுவிட்டு மஞ்சள் ஹோஸ், ரிலே வால்வு பக்கம் திரும்புங்கள். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும்.

பிரைம் மூவரின் லைனர் சீக்கிரம் சீக்கிரம் தேய்கிறது என்று வொர்க்‌ஷாப்பில் குறைபட்டுக்கொள்வார்கள். லைனரின் தரத்தைத் திட்டுவதற்கு முன், அந்த வண்டி எந்த டிரெய்லர்களை இழுக்கிறது என்று கேட்பது நல்லது.

சாக்பீஸும் ஸ்கேலும்

ஆறிய சக்கரத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அடுத்தது புஷ் ராட் எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று அளப்பது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். டயர்களுக்கு முட்டுக்கட்டை. டேங்கில் 6 முதல் 7 கிலோ காற்று. எஞ்சின் நிறுத்தியிருக்க வேண்டும். பார்க்கிங் பிரேக் விடுவித்திருக்க வேண்டும். புஷ் ராட் சேம்பரிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு.

"அண்ணே, மிதிங்க."

"முழுசாவா?"

"முழுசா. புடிச்சுக்கிட்டே இருங்க, நான் சொன்னப்புறம் விடுங்க."

கோடு சேம்பரின் முகத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளிப் போயிற்று என்று ஸ்கேலால் பாருங்கள். கனரக டிரெய்லர்களில் அடிக்கடி பார்ப்பது 30-ஆம் எண் சேம்பர். எண்ணைப் பல சேம்பர்களின் உடலிலேயே பொறித்திருப்பார்கள். அதற்கு 51 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 24-ஆம் எண் என்றால் 44. நீண்ட ஸ்ட்ரோக் சேம்பருக்கு வரம்பு வேறு. காற்று நுழையும் வாய் சதுரமாக எழும்பியிருப்பது அதற்கு அடையாளம்.

இந்த வரம்பு ஏன்? 30-ஆம் எண் சேம்பருக்குள் இருக்கும் டயாபிராமின் பரப்பு 30 சதுர அங்குலம். 100 பிஎஸ்ஐ காற்று கொடுத்தால் 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ தள்ளு. அந்தத் தள்ளு முழுவதும் ஷூவுக்குப் போய்ச்சேர வேண்டுமானால் ராட் தன் பயணத்தின் நடுவில் இருக்கும்போதே ஷூ டிரம்மைத் தொட்டுவிட வேண்டும். சேம்பரின் மொத்தப் பயணம் 64 மில்லிமீட்டர்தான். அந்த முனைக்குப் பக்கத்தில் போனால் டயாபிராம் அடிப்பாகத்தில் முட்டிக்கொள்ளும். காற்று எவ்வளவு ஏற்றினாலும் தள்ளு குறைந்துகொண்டே வரும். அதோடு சூடும் சேர்ந்தால் பிரச்சினை இன்னும் பெரிது. 16.5 அங்குல வார்ப்பிரும்பு டிரம் 300 டிகிரி சூடானால் அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரியும். ஷூ அந்த இடைவெளியைத் துரத்திப் போக, புஷ் ராட் இன்னும் வெளியே வர வேண்டும். யார்டில் ஆறிய நிலையில் 48 மில்லிமீட்டர் காட்டி "பாஸ்" ஆன சக்கரம், ஜோகூர் தாண்டி மலேசியாவின் மலைச் சரிவில் ஏன் கைவிடுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஸ்ட்ரோக் அதிகமாக இருந்தால் ஸ்லாக் அட்ஜஸ்டரை முறுக்கி டைட் வைத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். கையால் சரிசெய்யும் பழைய வகையில் அது சரியான வேலைதான், மெக்கானிக் செய்தால். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகையில் முறுக்குவது நோயை மூடிவைப்பது. தானாக இயங்கும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஸ்ட்ரோக்கைச் சரியாக வைத்திருக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று பழுது: கிளெவிஸ் பின் தேய்ந்திருக்கும், கேம் புஷ் ஆடும், மழையில் கிடந்த டிரெய்லரில் எஸ் கேம் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது அட்ஜஸ்டருக்குள்ளேயே கோளாறு இருக்கும். முறுக்கினால் இன்று சோதனையில் தேறும். இரண்டு வாரத்தில் அதே இடத்துக்கு வரும். முறுக்கியவர் வேறு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போயிருப்பார், அடுத்தவர் அறியாமல் மாட்டிக்கொள்வார். வொர்க்‌ஷாப்பில் "டைட் வச்சாச்சு" என்று சொன்னால் "எதனால் தளர்ந்தது?" என்று கேளுங்கள்.

ஸ்ட்ரோக் சரியாக இருந்தும் சக்கரம் ஆறிக்கிடந்தால் டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது உங்கள் வேலை இல்லை, ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்திருக்கட்டும். ஹப் சீல் கசிந்து லைனரில் கிரீஸ் படிந்ததா. லைனர் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டதா. நடுப்பகுதியில் கால் அங்குலமாவது, அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேல், மிச்சமிருக்கிறதா. கிரீஸ் பட்ட லைனரைப் பெட்ரோலில் துடைத்துத் திரும்பப் போடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை.

தண்ணீர்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். கம்ப்ரசர் அந்த ஈரக்காற்றைத்தான் அமுக்குகிறது. பிரைம் மூவரில் ஏர் டிரையர் இருக்கும், ஆனால் நேற்று இந்த டிரெய்லரை இழுத்த வண்டியின் டிரையர் எப்படி இருந்ததோ. டிரெய்லர் டேங்கின் அடியில் இருக்கும் வடிகால் வால்வை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் ஈரம் வந்தால் பரவாயில்லை. கோப்பைக் கணக்கில் வந்தால் அது வால்வுகளுக்குள்ளும் போயிருக்கும். ரிலே வால்வு துருவேறி ஒட்டிக்கொள்ளும், பிடிப்பதும் விடுவதும் தாமதமாகும். பால்போல வெண்மையாக வந்தால் கம்ப்ரசர் எண்ணெய் கக்குகிறது. அது ரப்பர்களை ஊதவைத்துக் கெடுக்கும். அப்படியானால் பார்க்க வேண்டிய வண்டி டிரெய்லர் அல்ல, அதை இழுத்த பிரைம் மூவர்.

தண்ணீரோடு சம்பந்தமில்லாத இன்னொரு காரணம்: ஐரோப்பிய டிரெய்லர்கள் சிலவற்றில் சுமைக்கேற்பப் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உண்டு. அதன் கம்பி உடைந்தோ இறுகியோ "காலி" நிலையில் நின்றுவிட்டால், 25 டன் ஏற்றியிருந்தாலும் காலி வண்டிக்கான அழுத்தம்தான் போகும். காலியாக ஓட்டும்போது எல்லாம் சரி, ஏற்றினால் மட்டும் மந்தம் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மின்சாரம் சம்பந்தப்பட்டவை

24 வோல்ட் கேபிளை மாட்டாமல் விட்டால் டிரெய்லரின் ஏபிஎஸ் வேலை செய்யாது. காற்று பிரேக் வேலை செய்யும், ஆனால் ஈரச் சாலையில் காலி டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு பின்பக்கம் வீசும். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் பிளக்கின் பின்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்ப்பது பத்து வினாடி வேலை.

மெல்பர்னிலோ பெர்த்திலோ உறவினர் காரவன் வாங்கி, பிரேக் பிடிக்கவில்லை என்று போனில் கேட்டால், அங்கே காற்றே கிடையாது. டிரம்முக்குள் 12 வோல்ட் காந்தம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் அச்சுகள் தாங்கும் எடை 2 டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக்கும், கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் கட்டாயம். ஒரு காந்தம் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும், நான்கு சக்கரத்துக்கு 12. மெல்லிய ஒயரும் துருப்பிடித்த எர்த் இணைப்பும் வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும்; காரில் 12 காட்டும், காந்தத்துக்கு 8 போய்ச்சேரும். மீட்டரைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்து, கண்ட்ரோலரை முழுசாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் கண்ட்ரோலரை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கைவைக்கக் கூடாதது

பின்பக்கம் இரட்டைத் தடிமனாக இருக்கும் சேம்பருக்குள் அமுங்கிய ஸ்பிரிங் இருக்கிறது. அதன் கிளாம்பைக் கழற்றினால் ஒரு டன்னுக்குக் குறையாத விசையோடு மூடி பறக்கும்; ஆளைக் கொன்றிருக்கிறது. ஓட்டுநர் அதைத் திறக்க எந்தக் காரணமும் கிடையாது. ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய டிரெய்லராக இருந்தால் எதிர்மாறான ஆபத்து: காற்று மெல்ல வடிந்து முடிந்ததும் பிரேக்கே இருக்காது. கழற்றி விட்டுப் போகும்போது முட்டுக்கட்டை வைக்காமல் போகாதீர்கள்.

பாஸிடம் சொல்வது

"பிரேக் சரியில்லை" என்று வாயால் சொன்னால் "ஒரு டிரிப் மட்டும் போய்ட்டு வா" என்று பதில் வரலாம். சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்த படம், சக்கரம் வாரியாகச் சூடு எழுதிய சீட்டின் படம், டிரெய்லர் பதிவு எண், நேரம் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எண்களோடு வரும் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம். அதற்கும் அசையவில்லை என்றால் வேலையிடப் பாதுகாப்புக் குறைகளைப் படத்தோடு தெரிவிக்க ஸ்னாப்சேஃப் செயலி இருக்கிறது. போன மாதம் விக்கோம் சோதனை நிலையத்தில் பாஸ் ஆனதே என்று சொல்வார்கள். பாஸ் ஆனது போன மாதத்துப் பிரேக். சோதனை நிலைய உருளையில் இடம், வலம் தனித்தனியாக அளந்த எண்கள் அந்தத் தாளில் இருந்தால் கேட்டு வாங்கி, உங்கள் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே காற்று இறங்கும் எச்சரிக்கை ஒலி கேட்டால் பிரேக்கை மிதித்து மிதித்து விடாதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று செலவாகும். கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, இடதுபக்க ஓரத்துக்கு ஒதுங்கி, ஒரே மிதியில் நிறுத்துங்கள். ஸ்பிரிங் பிரேக் தானாகப் பூட்டும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம். அது நீங்கள் விரும்பிய இடத்தில் பூட்டாது, நடுத் தடத்தில் பூட்டும். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோணத்தையும் வைத்துவிட்டுத் தடுப்பு வேலிக்கு அப்பால் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஈமாஸ் மீட்பு வண்டி, விரைவுச்சாலையில் நின்றுபோன வாகனத்தைக் கிட்டத்திலுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடம்வரை கட்டணமில்லாமல் இழுத்துச் செல்லும். வந்தவரிடம் முதலில் சொல்ல வேண்டியவை இரண்டு: டிரெய்லரில் சுமை எத்தனை டன், ஸ்பிரிங் பிரேக் பூட்டியிருக்கிறதா இல்லையா.